நிறுத்திய கார் நிற்கிறதா?

காரை ஓட்டுவதுதான் சிரமம், நிறுத்துவது சுலபம் என்றே பலரும் நினைக்கிறார்கள். அதுவும் தானியங்கிக் கியர் கார் என்றால் கேட்கவே வேண்டாம். பிரேக்கை மிதித்து, கியரை ‘பி’ என்ற எழுத்துக்குக் கொண்டுபோய், எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கிவிடலாம். ஒரு நாளைக்கு நான்கைந்து தடவை, யோசிக்காமலே கை செய்கிற வேலை இது.

இந்தச் சின்ன வேலையில் ஏற்பட்ட குழப்பத்தால், உலகம் முழுவதும் 1.1 மில்லியனுக்கும் அதிகமான கார்களை மீட்டுக்கொள்வதாக ஒரு பெரிய நிறுவனம் 2016ஆம் ஆண்டு அறிவிக்க நேர்ந்தது. அப்படி அறிவிக்கப்பட்ட கார்களில் ஒன்று தானாக உருண்டு, 27 வயது நடிகர் ஒருவரின் உயிரைப் பறித்தது.

அமெரிக்காவில் நடந்த விஷயம் தேக்காவில் காய்கறி வாங்கப் போகிறவருக்கு எதற்கு என்ற கேள்வி எழலாம். சிங்கப்பூர்ச் சாலைகளில் ஓடும் கார்களில் மிகப் பெரும்பாலானவை தானியங்கிக் கியர் கொண்டவை. தானியங்கிக் கார்களை மட்டும் ஓட்டுவதற்கென்றே 3ஏ பிரிவு உரிமம் இருக்கிறது. ஆகவே ‘பி’ என்ற எழுத்தை நம்பித்தான் இங்கு பல்லாயிரம் பேர் தினமும் காரைவிட்டு இறங்குகிறார்கள். அந்த நம்பிக்கைக்கு அடியில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்வது எல்லாருக்கும் நல்லது.

‘பி’ எழுத்துக்குப் பின்னால்

தானியங்கிக் காரில் நான்கு நிலைகள் முக்கியமானவை. ‘பி’ என்பது நிறுத்துவதற்கு. ‘ஆர்’ பின்னால் செல்வதற்கு. ‘என்’ என்பது எந்தக் கியரிலும் இல்லாத நிலை. ‘டி’ முன்னால் ஓட்டுவதற்கு.

‘பி’யில் போட்டதும் கியர்ப் பெட்டிக்குள் ஒரு சிறிய இரும்புத் துண்டு கீழே இறங்கி, ஒரு பற்சக்கரத்தின் இரு பற்களுக்கு நடுவே அமர்ந்துகொள்கிறது. கதவுக்குத் தாழ்ப்பாள் போடுவது போன்ற ஏற்பாடு. அதன் பிறகு சக்கரங்கள் உருள முடியாது.

தாழ்ப்பாள் விழவில்லை என்றால் என்ன ஆகும்? கார் ‘என்’ நிலையில் இருந்தால், சரிவான இடத்தில் தன் எடையினாலேயே உருளும். ‘ஆர்’ நிலையில் எஞ்சினும் ஓடிக்கொண்டிருந்தால் சரிவுகூடத் தேவையில்லை. பிரேக்கிலிருந்து காலை எடுத்ததுமே கார் மெல்லப் பின்னால் நகரும்.

பழைய கார்களில் இந்தக் குழப்பம் குறைவு. கியர் பிடி எந்த எழுத்துக்கு நேராக நிற்கிறதோ, அந்த நிலையில்தான் கார் இருக்கிறது என்று பொருள். கண்ணால் பார்க்காவிட்டாலும் கைக்குத் தெரியும். ‘பி’ என்றால் பிடி முன்னால் கடைசிவரை போய் நிற்கும். ‘டி’ என்றால் பின்னால் இருக்கும்.

புதிய வகைக் கியர் பிடிகளில் பலவற்றுக்கும் கியர்ப் பெட்டிக்கும் இடையே கம்பித் தொடர்பு இல்லை. பிடியை அசைத்தால் ஒரு மின்சமிக்ஞை போகும். கியரை மாற்றும் வேலையைக் கணினி செய்யும். சில கார்களில் பிடியே இல்லை. பொத்தானோ, திருகும் குமிழோதான் இருக்கும்.

2016இல் நடந்தது

ஃபியட் கிரைஸ்லர் நிறுவனத்தின் 2014, 2015ஆம் ஆண்டு ஜீப் கிராண்ட் செரோக்கி கார்களிலும், 2012 முதல் 2014 வரையிலான டாட்ஜ் சார்ஜர், கிரைஸ்லர் 300 கார்களிலும் இப்படி ஒரு மின்னணுக் கியர் பிடி பொருத்தப்பட்டிருந்தது. அதன் தனித்தன்மை என்னவென்றால், எந்தக் கியருக்கு மாற்றினாலும் கையை எடுத்தவுடன் பிடி நடுவுக்கே திரும்பி வந்துவிடும். ‘பி’யில் போட்டாலும் நடுவில் நிற்கும். ‘ஆர்’ போட்டாலும் அதே நடுவில்தான் நிற்கும். கார் எந்த நிலையில் இருக்கிறது என்பதை, பிடியின் மேலும் ஓட்டுநருக்கு எதிரே உள்ள திரையிலும் எரியும் எழுத்தைப் பார்த்துத்தான் அறிய வேண்டும்.

‘பி’க்குப் போகப் பிடியை முன்னால் கடைசிவரை தள்ள வேண்டும். கொஞ்சம் குறைவாகத் தள்ளினால் ‘ஆர்’ அல்லது ‘என்’ நிலையிலேயே நின்றுவிடும். ஆனால் கைக்கு வித்தியாசம் தெரியாது. ‘பி’யில் போட்டாயிற்று என்ற நினைப்பில் ஓட்டுநர் இறங்கிவிடுவார்.

அமெரிக்காவின் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் 2015 ஆகஸ்ட்டில் இதுபற்றி விசாரணை தொடங்கியது. 2016 ஏப்ரல் 22ஆம் தேதி, கார்களை மீட்டுக்கொள்வதாக நிறுவனம் அறிவித்தது. அமெரிக்காவில் மட்டும் சுமார் 812,000 கார்கள். வட அமெரிக்காவுக்கு வெளியே சுமார் 249,000 கார்கள்.

அதே ஆண்டு ஜூன் 19ஆம் தேதி லாஸ் ஏஞ்சலிஸில், ‘ஸ்டார் டிரெக்’ படங்களில் நடித்த ஆண்டன் யெல்சின் தம் வீட்டு வாசலில் இறந்து கிடந்தார். அவருடைய 2015ஆம் ஆண்டு ஜீப் கிராண்ட் செரோக்கி, செங்குத்தான பாதையில் பின்னோக்கி உருண்டு வந்து, செங்கல் தூணுக்கும் வேலிக்கும் இடையே அவரை நசுக்கியிருந்தது.

மீட்டுக்கொள்ளும் அறிவிப்புக்கும் இந்த மரணத்துக்கும் இடையே 58 நாள்கள் இருந்தன. குறையைச் சரிசெய்யும் மென்பொருள் பட்டறைகளுக்கு அனுப்பப்படுவதாக நிறுவனம் தெரிவித்தது, அவர் இறந்து சில நாள்களுக்குப் பிறகுதான். அவருடைய பெற்றோர் தொடுத்த வழக்கு 2018இல் சமரசத்தில் முடிந்தது. அதன் விவரங்கள் வெளியிடப்படவில்லை.

விசாரணை 2016 ஜூன் மாதம் முடிவுக்கு வந்தபோது, இந்தக் கியர் பிடியுடன் தொடர்புடையதாக 266 விபத்துகளும் 68 பேர் காயமடைந்ததும் கணக்கில் வந்திருந்தன.

எதுவும் உடையவில்லை

இந்த விவகாரத்தில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. விபத்துக்குள்ளான கார்களைச் சோதித்ததில் எந்தப் பாகமும் பழுதாகவில்லை என்று நிறுவனம் சொன்னது. ‘பி’யில் இல்லாத காரின் கதவைத் திறந்தால் எச்சரிக்கை ஒலி எழும், திரையில் செய்தியும் வரும் என்றும் சுட்டிக்காட்டியது.

அப்படியானால் தவறு ஓட்டுநருடையதுதானே? முதல் பார்வைக்கு அப்படித்தான் தோன்றும். ஆனால் ஒருவர் இருவர் தடுமாறினால் அது கவனக்குறைவு. ஒரே வகைக் காரில், ஒரே இடத்தில், நூற்றுக்கணக்கானோர் தடுமாறினால் அதற்குக் கவனக்குறைவு என்று பெயர் வைக்க முடியாது. ஒரே படிக்கட்டில் வருகிறவர் போகிறவரெல்லாம் இடறி விழுந்தால், கால்களைக் குறைசொல்வதா, படியைச் சரிசெய்வதா? கையாள்பவரின் இயல்பான பழக்கத்துக்கு ஒத்துவராத வடிவமைப்பும் பாதுகாப்புக் குறைதான் என்பதை இந்த விவகாரம் தெளிவாக்கியது.

நிறுவனமும் இறுதியில் அந்த வழியில்தான் தீர்வு கண்டது. கார் ‘பி’யில் இல்லாத நேரத்தில் ஓட்டுநர் கதவைத் திறந்து இறங்க முற்பட்டால், காரே தானாக ‘பி’க்குப் போய்விடும்படி மென்பொருள் மாற்றி எழுதப்பட்டது. மனிதர் மறந்தாலும் இயந்திரம் மறக்காது. பிந்திய ஆண்டுக் கார்களில் அந்தக் கியர் பிடியின் வடிவமே மாற்றப்பட்டது.

நிஜமாகவே ஒரு பாகம் பழுதாவதும் உண்டு. 2022 ஜூன் மாதம் ஃபோர்டு நிறுவனம் அமெரிக்காவில் சுமார் 2.9 மில்லியன் வாகனங்களை மீட்டுக்கொள்வதாக அறிவித்தது. கியர் கம்பியைக் கியர்ப் பெட்டியுடன் இணைக்கும் ஒரு சிறிய வளையம் நாளடைவில் நைந்து கழன்றுவிடக்கூடும் என்பதே காரணம். அது கழன்றால், ஓட்டுநர் ‘பி’யில் போட்டிருப்பார், திரையும் ‘பி’ என்றே காட்டும், ஆனால் உள்ளே கியர் மாறியிருக்காது. கைக்கு அடக்கமான ஒரு வளையத்துக்காக இத்தனை லட்சம் வண்டிகளைப் பட்டறைக்கு வரச்சொல்ல வேண்டியிருந்தது.

ஸ்டிக்கர் ஒட்டிய காலம்

குறைபாடுள்ள வாகனத்தைத் தயாரிப்பாளரே வரவழைத்துச் சரிசெய்து தரும் முறை, அமெரிக்காவில் 1966ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாக வந்தது. அதற்கு முந்திய ஆண்டு ரால்ஃப் நாடர் என்ற வழக்கறிஞர் எழுதிய நூல், விபத்து என்றாலே ஓட்டுநரைக் கைகாட்டும் வழக்கத்தைக் கேள்விக்குள்ளாக்கி, கார்களின் வடிவமைப்பைப் பற்றிப் பேச வைத்தது.

ஆனாலும் சட்டம் வந்தவுடன் எல்லாம் சரியாகிவிடவில்லை. 1966 முதல் 1980 வரை விற்ற சுமார் 23 மில்லியன் ஃபோர்டு வாகனங்களில், ‘பி’யில் நிறுத்திய கார் ‘ஆர்’ நிலைக்கு நழுவிவிடுவதாகப் புகார்கள் குவிந்தன. 98 பேர் இறந்ததாக அரசாங்கத்துக்குத் தகவல்கள் வந்திருந்தன. அத்தனை வாகனங்களையும் வரவழைத்துச் சரிசெய்வதற்குப் பதிலாக, உரிமையாளர்களுக்கு ஓர் எச்சரிக்கை ஸ்டிக்கரை அனுப்பி வைப்பது என்று 1980 டிசம்பரில் உடன்பாடு ஏற்பட்டது. இறங்குவதற்குமுன் கியரைச் சரிபாருங்கள், கைப்பிரேக்கை இழுங்கள், எஞ்சினை அணையுங்கள் என்பதே அந்த ஸ்டிக்கர் சொன்ன புத்திமதி.

ஒட்டியவர்கள் ஒட்டினார்கள், ஒட்டாதவர்கள் ஒட்டவில்லை. காரிலுள்ள குறை காரிலேயே இருந்தது. அந்த ஸ்டிக்கரையும் 2016இல் வந்த மென்பொருளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், மீட்டுக்கொள்ளுதல் என்ற ஏற்பாட்டின் மதிப்பு புரியும்.

கடிதம் யார் கைக்குப் போகிறது?

சிங்கப்பூரில் வாகனம் மீட்டுக்கொள்ளப்படும்போது நிலப் போக்குவரத்து ஆணையத்துக்குத் தகவல் தரப்படுகிறது. பதிவுபெற்ற உரிமையாளருக்கு விற்பனை நிறுவனம் அறிவிப்பு அனுப்புகிறது. உரிமையாளர் வண்டியைக் கொண்டுபோனால் குறை சரிசெய்யப்படும். அதற்கான செலவு உரிமையாளருடையது அல்ல, தயாரிப்பாளருடையது.

சொல்லும்போது எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் அறிவிப்பு உரிமையாளருக்குப் போகிறது, ஆபத்து ஓட்டுநருக்கு வருகிறது. இருவரும் ஒருவராகவே இருக்க வேண்டும் என்பதில்லை.

விடியற்காலையில் பஃப்ளோ ரோட்டிலும் டன்லப் ஸ்திரீட்டிலும் சரக்கு இறக்கும் வேன்களைப் பாருங்கள். வேன் முதலாளியின் பெயரில் இருக்கும். ஓட்டுபவர் சம்பளத்துக்கு வேலை செய்பவர். ஒவ்வொரு கடைக்கும் ஒரு தடவை ஏறி, ஒரு தடவை இறங்குவார். அவசரத்தில் எஞ்சினை அணைக்காமல் பின்கதவைத் திறந்து அரிசி மூட்டையை இழுப்பார். வண்டி பின்னால் உருண்டால் முதலில் அடிபடுகிறவர் அவர்தான். அறிவிப்போ, அலுவலக மேசையில் மற்றக் கடிதங்களோடு கிடக்கக்கூடும்.

தனியார் வாடகைக் கார் ஓட்டுநர்களில் பலர் நிறுவனத்திடமிருந்து வாடகைக்குக் கார் எடுத்து ஓட்டுகிறார்கள். அவர்களுக்கும் கடிதம் நேரே வருவதில்லை. பழைய கார் வாங்கியவர்கள், முந்திய சொந்தக்காரர் மீட்டுக்கொள்ளும் அழைப்பை ஏற்றுக் காரைக் கொண்டுபோனாரா என்று விசாரிப்பது அரிது. விலை, மைலேஜ், வாகன உரிமைச் சான்றிதழில் மீதமுள்ள காலம் ஆகியவற்றைத்தான் கேட்கிறார்கள். அதிகாரபூர்வ முகவர் அல்லாத நிறுவனங்கள் இறக்குமதி செய்த கார்களும் இங்கு நிறைய உண்டு. அந்தக் காரை வைத்திருப்பவர்கள் தாமாகவே விசாரித்துக்கொள்வது இன்னும் அவசியம்.

‘கார் பரிசோதனையில் தேறிவிட்டதே, இன்னும் என்ன?’ என்று சிலர் நினைக்கலாம். மூன்று வயதைத் தாண்டிய கார்கள் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையும், பத்து வயதைத் தாண்டியவை ஆண்டுதோறும் பரிசோதிக்கப்படுகின்றன. பிரேக், டயர், விளக்கு, புகை போன்றவை ஒழுங்காக இருக்கின்றனவா என்று பார்ப்பது அந்தப் பரிசோதனை. வடிவமைப்பிலேயே ஒளிந்திருக்கும் குறையைக் கண்டுபிடிப்பது அதன் வேலை அல்ல. இரண்டும் வேறு வேறு.

‘இத்தனை வருஷமாக ஒன்றும் ஆகவில்லை’ என்பது இன்னொரு சமாதானம். அண்டை நாட்டில் நடந்ததை எண்ணிப் பார்க்கலாம். 2014 ஜூலையில் சரவாக்கின் சிபு நகரில் 2003ஆம் ஆண்டு ஹோண்டா சிட்டி கார் ஒன்று மோதியபோது, காப்பாற்ற வேண்டிய காற்றுப்பையே வெடித்துச் சிதறியது. அதன் உலோகத் துண்டு பாய்ந்து, அந்தக் காரில் இருந்த கர்ப்பிணிப் பெண் இறந்தார். பத்து ஆண்டுக்கு மேலாகச் சத்தமில்லாமல் காரில் இருந்த குறை அது. தக்காட்டா நிறுவனத்தின் அந்தக் காற்றுப்பைகளுக்காகச் சிங்கப்பூரிலும் ஏராளமான கார்கள் மீட்டுக்கொள்ளப்பட்டன.

இனி கவனம் அதிகம் தேவை

2030 முதல் சிங்கப்பூரில் புதிதாகப் பதிவாகும் கார்கள் தூய்மையான எரிசக்தியில் ஓடுபவையாக இருக்க வேண்டும் என்பது அரசாங்கத்தின் திட்டம். மின்சாரக் கார்கள் ஏற்கெனவே பெருகிவிட்டன. இந்தக் கார்களில் எஞ்சின் சத்தம் கிடையாது. கார் ஓடும் நிலையில் இருக்கிறதா, அணைந்துவிட்டதா என்று காதுக்குத் தெரியாது. கியரும் ஒரு நிறுவனத்தில் பொத்தான், இன்னொன்றில் குமிழ், வேறொன்றில் ஸ்டியரிங் அருகே சின்னத் தண்டு என்று ஆளுக்கொரு விதமாக இருக்கிறது. ஒரு காரில் பழகிய கை இன்னொரு காரில் தடுமாறும். மணிக்கணக்கில் காரைப் பகிர்ந்து எடுத்து ஓட்டுகிறவர்களுக்கும், வாரயிறுதியில் மகனுடைய காரை எடுத்து ஓட்டும் அப்பாவுக்கும் இது பொருந்தும்.

பல புதிய கார்களில், கதவைத் திறந்தால் தானாக ‘பி’க்குப் போகும் ஏற்பாடு இருக்கிறது. ஆனால் எல்லாக் கார்களிலும் இருக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது. ஓட்டும் காரில் இருக்கிறதா என்று கையேட்டைப் பார்த்து அறிந்துகொள்வது நல்லது.

செய்யக்கூடியவை

முதலாவது, விசாரிப்பது. நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ‘ஒன்மோட்டரிங்’ இணையத்தளத்தில், வாகனம் மீட்டுக்கொள்ளும் பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்கலாம். தயாரிப்பு நிறுவனங்கள் பலவற்றின் இணையத்தளங்களிலும் காரின் அடிச்சட்ட எண்ணைக் கொடுத்துத் தெரிந்துகொள்ளலாம். இணையம் பழக்கமில்லாத பெற்றோருக்குப் பிள்ளைகள் இதைச் செய்து கொடுக்கலாம். சாலை வரி கட்டும் நாளில் இதையும் ஒரு முறை பார்ப்பது என்று வைத்துக்கொண்டால் மறக்காது.

இரண்டாவது, முகவரி. வீடு மாறியவர்கள், கடை மாறியவர்கள் பதிவில் உள்ள முகவரியைப் புதுப்பிக்காவிட்டால், உயிர் காக்கும் கடிதம் யாரோ ஒருவருடைய தபால் பெட்டியில் கிடக்கும்.

மூன்றாவது, முதலாளிகளின் கடமை. வேனோ லாரியோ வைத்திருப்பவர்கள், அழைப்பு வந்தால் அதை அந்த வண்டியை ஓட்டுபவரிடம் அன்றைக்கே சொல்ல வேண்டும். வண்டி அரை நாள் பட்டறையில் நின்றால் வியாபாரம் கெடும் என்று தள்ளிப்போடுவது, அந்த ஆபத்தைத் தொழிலாளியின் தலையில் வைப்பதாகும். ஓட்டுநர்களும் தயங்காமல் கேட்க வேண்டும். “இந்த வண்டிக்கு ஏதாவது அழைப்பு வந்திருக்கிறதா அண்ணே?” என்று கேட்பதில் குற்றமில்லை.

நான்காவது, பழக்கம். யெல்சினின் மரணம் நிகழ்ந்தது அறிவிப்பு வந்ததற்கும் மென்பொருள் பரவலாகக் கிடைத்ததற்கும் இடைப்பட்ட காலத்தில். அப்படிப்பட்ட இடைவெளியில் துணைக்கு இருப்பது ஓட்டுநரின் பழக்கம் மட்டுமே. கார் முழுமையாக நின்ற பிறகு, பிரேக்கிலிருந்து காலை எடுக்காமல் கைப்பிரேக்கைப் போட வேண்டும். பிறகு ‘பி’யில் போட வேண்டும். திரையில் ‘பி’ எரிகிறதா என்று கண்ணால் பார்க்க வேண்டும். காலை மெல்ல எடுத்து, கார் அசையவில்லை என்று உறுதி செய்துகொண்டு, எஞ்சினை அணைத்த பிறகே கதவைத் திறக்க வேண்டும். அடுக்குமாடிக் கார் நிறுத்துமிடத்தின் சரிவுகளில் இந்த வரிசை இன்னும் முக்கியம். கைப்பிரேக் முதலில் பிடித்துக்கொண்டால் காரின் எடை முழுவதும் அந்தச் சிறிய இரும்புத் துண்டின்மேல் விழாது.

எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும் காரின் முன்னாலோ பின்னாலோ யாரும் நிற்கக் கூடாது. பிள்ளைகளை ஒருபோதும் நிற்கவிடக் கூடாது. வண்டியை நிறுத்திவிட்டு எஞ்சினைக் காரணமின்றி ஓடவிடுவது சிங்கப்பூரில் சட்டப்படி குற்றமும்கூட.

மீட்டுக்கொள்ளும் அழைப்பு வந்துவிட்டால் கார் மட்டமானது என்று அர்த்தமில்லை. விற்ற பிறகும் பொறுப்பு தீரவில்லை என்று தயாரிப்பாளர் ஒப்புக்கொள்வதுதான் அது. அந்த உரிமை சும்மா கிடைத்ததல்ல. பலர் அடிபட்டு, சிலர் உயிரைவிட்ட பிறகு கிடைத்தது. ஆனால் ஆணையம் அறிவிக்கலாம், நிறுவனம் கடிதம் எழுதலாம், பட்டறை காத்திருக்கலாம். காரை அங்கே கொண்டுபோய் நிறுத்த வேண்டியது அதை வைத்திருப்பவர்தான்.